ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன பதில்

சேகர்,

உங்களைக் காட்பாடியில் ரயிலேற்றிவிட்டு வந்து, பாப்பா நனைத்துவிட்டுப் போன பாய்கூட இன்னும் சரியாகக் காயவில்லை. அதற்குள் நலமா என்று கேட்டு எழுதினால் நீயே சிரிப்பாய். அந்த விசாரிப்பெல்லாம் அடுத்த இன்லண்டுக்கு இருக்கட்டும். இது வேறு மாதிரிக் கடிதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற டீச்சர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். தாளாளர் பாயின் மகன் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனான். கல்வியின் சிறப்பு, ஆசிரியரின் கடமை என்று பழைய பேச்சுப் போட்டிச் சரக்கை எடுத்துவிட்டுத் தப்பித்திருப்பேன். ஆனால் நீ கிளம்பும் முன்னால் நடந்த சண்டை மனசிலேயே நிற்கிறது. அதனால் மலருக்கும் உனக்கும் சேர்த்து இதையே எழுதுகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, ஒளித்து வைத்ததுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது.

சண்டை என்ன, பாப்பாவை நாக்பூரில் எங்கே சேர்ப்பது என்பதுதான். குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி இருக்கிறது, அரசாங்க உதவியும் வாங்குகிறார்கள், அதுவும் கவர்மெண்ட் பள்ளி மாதிரிதானே என்று உன் மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். நீ சோற்றில் கை வைத்தபடி குதித்தாய். "சாமியாரு நடத்தனா இன்னா, மடம் நடத்தனா இன்னா, பள்ளிவாசல் நடத்தனா இன்னா? அது பொதுப் பள்ளி ஆவாது. பொதுப் பணத்த வாங்கிக்கினு பொதுப் பள்ளிய ஒழிச்சவங்க அவங்க" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். முப்பது வருஷம் பள்ளிவாசல் தெருப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். நீ பாதிச் சோற்றோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டாய்.

பிறகு பாத்திரம் கழுவும்போது உன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தே, அவரு உங்களச் சொல்லல. அவரயே சொல்லிக்கிறாரு" என்றாள். சின்ன வயசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்கு நீ வாயைத் திறந்து பதில் சொன்னதால்தான் அப்பாவின் பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயாம். கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னாயாம். எங்களிடம் கேட்கப் பயமாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், எட்டு வயசுப் பிள்ளை ஒரு பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனதை நானும் பார்க்கவில்லை, உங்கப்பாவும் பார்க்கவில்லை. உன்னைத் திட்டலாமா கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. நீ மாடியில் தூங்கிவிட்டாய், மறுநாள் ரயில். அதனால் எழுத்தில் சொல்கிறேன். நீ நினைப்பது தப்பு சேகர். எப்படித் தப்பு என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் வீட்டில் இரண்டு காலண்டர் உண்டு. உங்கப்பா நகராட்சிப் பள்ளியின் தலைமையாசிரியர், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. நான் வேலை பார்த்தது முஸ்லிம் சங்கம் நடத்தும் அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளி. அங்கே வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. இதனால் நாம் மூன்று பேரும் சேர்ந்து வீட்டில் உட்கார்ந்து ஒரு பகல் சாப்பாடு சாப்பிட வேண்டுமென்றால் தீபமோ தீபாவளியோ வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கப்பா ஆசிரியர் கூட்டணிக் கூட்டம், சங்கக் கூட்டம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உன்னை வீட்டில் தனியாக விட முடியாமல் நான் என்னோடு கூட்டிப் போவேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் பள்ளியில் முடித்துவிட்ட பாடத்தை இங்கே முதல் ஆளாகச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வாய். பாட்ஷாவும் முருகேசனும் உன்னை 'ஞாயித்துக்கிழமப் பையன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

உன்னை எங்கே சேர்ப்பது என்பதில் எனக்கும் உங்கப்பாவுக்கும் நடந்த சண்டையை நீ பார்த்ததில்லை, அப்போது உனக்கு அந்த வயசில்லை. நீ இந்தத் தடவை சொன்ன அதே பேச்சை அவர் அன்றே பேசினார். "எங்க ஸ்கூல்ல எவன் வந்து நின்னாலும் சேத்துக்கணும். உங்க பாய் வேணான்னு சொன்னா யாரப் போய்க் கேக்கறது? சம்பளத்துக்கு மட்டும் கவர்மெண்ட் பணம் வேணுமா?" என்பார். அவர் சும்மா சொல்லவில்லை. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டி வந்து எங்கள் வாசலில் நின்றாள். இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இடம் இருந்தது. நான் தாளாளர் பாயிடமே போய்ச் சண்டை போட்டேன், எடுபடவில்லை. மறுநாள் அந்தப் பெண் உங்கப்பாவின் பள்ளியில் உட்கார்ந்திருந்தது. அதை அவர் வருஷக்கணக்கில் என்னைக் குத்திக் காட்டினார். இன்னொன்று, வேலைக்கு ஆள் வைப்பதும் சங்கத்தின் இஷ்டம். தாளாளர் தன் தங்கை மருமகனைக் கொண்டுவந்து போட்டார். அந்த மனுஷன் பிரம்பை மறக்காமல் எடுத்து வருவார், பாடத்தை மறந்துவிட்டு வருவார். சம்பளம் மட்டும் என்னைவிட ஜாஸ்தி.

ஆனால் எனக்கும் சொல்ல இருந்தது. எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். வண்டிக்காரர், பூக்காரி, கோயில் வாசலில் கற்பூரக் கடை வைத்திருப்பவர், கூலிக்குப் போகிறவர்கள், எல்லார் பிள்ளைகளும்தான். ஒரு பைசா வாங்கியதில்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்குக் காலையில் குர்ஆன் ஓதும் வகுப்பு தனியாக நடக்கும், மற்றப் பிள்ளைகள் மணி அடித்த பிறகு வந்தால் போதும். கூரை ஒழுகினால் சாயங்காலத்துக்குள் பாய் கொத்தனாரோடு வந்து நிற்பார். உங்கப்பாவிடம் நான் கேட்பேன்: "எங்க பாய யாரும் கேக்க முடியாதுன்னு சொல்றீங்களே, நீங்க உங்க முனிசிபாலிட்டிய எத்தன தரம் கேட்டீங்க? எவன் பதில் சொன்னான்?" அந்த இடத்தில் மட்டும் அவர் பேச்சை மாற்றுவார். கடைசியில் உன் விஷயத்தில் அவர்தான் ஜெயித்தார், நகராட்சிப் பள்ளியில் சேர்ந்தாய். நான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. வீட்டுக்கு எதிரிலேயே பள்ளி, மழையில் நனைய வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தேன். நனைவதைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன் பார்.

உங்கள் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மெட்ராஸில் இருக்கும் ஒருத்தருடைய பழைய ஓட்டு வீடு, நகராட்சி வாடகைக்கு எடுத்தது. முன்னால் ஒரு புங்க மரம். அந்த மரத்தடியில் உங்கப்பா பாடம் நடத்தியதை நீ கல்லூரியில் கவிதையாகவே எழுதினாய். இப்போது போட்ட சண்டையிலும் "மரத்தடியில ஒக்காந்து படிச்சோம், அதான் பொதுப் பள்ளி" என்றாய். அவர் உங்களை மரத்தடியில் உட்கார வைத்தது காற்றுக்காக இல்லை சேகர். உள்ளே உத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது. சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். கூரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தெரிந்துதான் வெயில் காலம், பனிக் காலம் என்று பார்க்காமல் உங்களை வெளியிலேயே வைத்திருந்தார். மழை நாளில் மட்டும் வேறு வழியில்லாமல் உள்ளே ஏற்றுவார். அன்றெல்லாம் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் மூடிவிட்டுப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுங்கள் என்று அவரே வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். ஆமாம், உங்கப்பாதான் கேட்டார். ஆசிரியர் சங்க மேடையில் நகராட்சிப் பள்ளிகளைக் காப்போம் என்று முழங்கிவிட்டு, தன் பள்ளியை மூடச் சொல்லிக் கேட்கிறோமே என்று வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். பிள்ளைகளிடம் சொன்னால் பயந்துபோவார்கள் என்று உனக்கும் சொல்லக் கூடாது என்றார். அப்படியே அது சொல்லாமலே நின்றுவிட்டது.

இப்போது அந்த இன்ஸ்பெக்டர். தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்த டிப்டி. ஊருக்குப் புதுசு. திடீர் சோதனை என்று கிளம்பி, நேரே எங்கள் பள்ளிக்குத்தான் வந்தார். வந்தது வெள்ளிக்கிழமை. கதவில் பூட்டு. பிள்ளைகளும் இல்லை, டீச்சரும் இல்லை, கேட்டை உரசிக்கொண்டு ஒரு ஆடு நின்றிருந்ததாம். நம் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை பாய் பள்ளிக்கூடம் லீவு என்று. அவருக்குத் தெரியவில்லை. பள்ளி நடக்கவே இல்லை, பொய்க் கணக்குக் காட்டி அரசாங்கப் பணம் வாங்குகிறார்கள், உதவியை நிறுத்த வேண்டும் என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். தாளாளர் பாய் அலுவலகத்துக்கு ஓடிப் போய் விளக்கினார். மனுஷனுக்குத் தப்பு புரிந்துவிட்டது, ஆனால் புரிந்ததை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நாலு குமாஸ்தா முன்னால் அல்லவா மானம் போயிற்று? "சரி, ஞாயித்துக்கிழமை நடக்குதுன்னுதானே சொல்றீங்க? ஞாயித்துக்கிழமையே வரேன். ஒரு குறை இருந்தாலும் விட மாட்டேன்" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே இருந்தாய். உன்னை அன்று கூட்டிப் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வகுப்பு வகுப்பாகத் தலையை எண்ணிக்கொண்டு வந்தார். என் வகுப்பில் பதிவேட்டைவிட ஒரு தலை கூடுதல். "பேர் கூப்பிடாத பையன் யாரு?" என்றார். நீ எழுந்தாய். "எந்த ஸ்கூல்டா?" என்று கேட்டார். கையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "நகராட்சிப் பள்ளி சார். இன்னிக்கி எங்களுக்கு லீவு சார்" என்றாய். அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓஹோ, அப்படிப் போகுதா சங்கதி" என்றார். ஞாயிற்றுக்கிழமை நகராட்சிப் பள்ளி லீவு. அந்தப் பிள்ளைகளை இரவல் வாங்கி இங்கே உட்கார வைத்துத் தலைக்கணக்குக் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். நான் பதறிப்போய், "அவன் எம் பையன் சார்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "டீச்சர் பையனையே கொண்டாந்து உக்கார வச்சிருக்கீங்களா? சரி. நாளைக்குத் திங்கக்கிழமை. ரெண்டு ஸ்கூலும் நடக்கும். ரெண்டுக்கும் வரேன். ஒரே பையன் ரெண்டு எடத்துல உக்கார முடியாதுல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் முகத்தை நான் அப்போது பார்த்திருக்க வேண்டும். நான் அவர் பின்னாலேயே ஓடினேன், பார்க்கவில்லை. பாட்ஷா உன்னிடம் "உன்னாலதான்டா" என்று சொன்னானாமே, அதுவும் உன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

இரவல் பிள்ளை ஒன்றும் எங்களிடம் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை என்றதும் பயந்துவிட்டேன். ஏனென்றால் மறுநாள்தான் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்க ஆரம்பிக்கிறார்கள். விடியற்காலை டிராக்டர் வந்து தெருவில் நின்றால் அம்மாக்களோடு பிள்ளைகளும் ஏறிவிடும். பாதி வகுப்பு காலி. அந்த டிப்டி வந்து காலி பெஞ்சைப் பார்த்தால் என்ன எழுதுவார்? உதவி நின்றால் பள்ளி நிற்கும். எனக்கு வேலை போகும், அதைவிடு, அத்தனை பிள்ளைகளும் எங்கே போகும்? வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். சொல்லும்போதே நினைத்தேன், இவருக்கு இனிப்பாகத்தான் இருக்கும் என்று. எங்கள் பள்ளி மூடினால் பிள்ளைகள் அவரிடம்தானே வர வேண்டும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே என்றேன். "உங்கண்ணன் ஊட்டுக்கு" என்றார்.

மல்லாட்டைக் காடு என் அண்ணனுடையதுதான். உங்கப்பா மாமியார் வீட்டில் ஒரு படி பயறு வாங்கவும் கூச்சப்படுகிற ஆள். அத்தனை தூரம் வெயிலில் மிதித்துப் போய், களத்தில் நின்று, "மச்சான், நாளைக்கி புள்ளைங்கள வண்டியில ஏத்தாதீங்க. பெரியவங்க மட்டும் வரட்டும்" என்றாராம். என் அண்ணன் சும்மா விடுவாரா? "இன்னா மாப்ள பேசற? மழ புடிச்சா காயெல்லாம் மண்ணுலயே மொளச்சிப் பூடும். புள்ளைங்க பொறுக்கலன்னா யாரு பொறுக்கறது?" என்று கேட்டிருக்கிறார். "நான் வந்து பொறுக்கறேன், வர்ற ஞாயித்துக்கிழமை முழுக்க" என்றாராம் உங்கப்பா. பெரிய வாத்தியார் குனிந்து மல்லாட்டை பொறுக்குகிறேன் என்றதும் என் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம், ஒத்துக்கொண்டார். சொன்னபடியே அந்த வாரம் போய்ப் பொறுக்கினார், இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் கோணலாக நடந்தார். நீ மாமா வீட்டுக்கு விருந்துக்குப் போனார் என்றல்லவா நினைத்தாய்?

அவர் திரும்பி வந்து கால் கழுவும்போது கேட்டேன். "எங்க ஸ்கூலு பொதுப் பள்ளியே இல்லன்னு சொல்ற ஆளு, இதுக்கு ஏங்க அலையறீங்க?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பவும் இல்லதான். ஆனா உங்க ஸ்கூல மூடுனா அதுங்க எல்லாம் எங்க வரும்? எங்கிட்டதான் வரும். அந்தக் கூரைக்குக் கீழ ஏத்தி ஒக்கார வெக்கச் சொல்றியா?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கூரையின் நிலைமை முழுசாகத் தெரிந்தது. அதுவரை கொஞ்சம் ஒழுகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் வேறு மாதிரிப் புரிந்துகொண்டாய். டிப்டி முதலில் உங்கள் பள்ளிக்குத்தான் வந்தார். நீ அங்கே இருக்கிறாயா, வேறு யாராவது குறைகிறார்களா என்று பார்க்கத்தான். எல்லாரும் மரத்தடியில் இருந்தீர்கள். "ஏன் சார் வெளியில?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போய் மேஜையில் பையை வைத்தார். வைத்த வேகமோ என்னவோ, கரையான் மண்ணும் ஓட்டுச் சில்லும் பொலபொலவென்று அவர் தலையிலும் பதிவேட்டிலும் கொட்டின. மனுஷன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியில் ஓடி வந்ததைப் பார்த்து நீங்களெல்லாம் சிரித்தீர்கள், உங்கப்பா அதட்டினார். அதற்குப் பிறகு அவர் உள்ளே கால் வைக்கவில்லை. மரத்தடியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "இவ்ளோ மோசமா இருக்கா சார்?" என்று கேட்டார். "வருஷக்கணக்கா எழுதறேன் சார். உங்க ஆபீசுக்கும் காப்பி போட்டிருக்கேன்" என்றார் உங்கப்பா. அவர் இறுகிய முகத்தோடு போனார், கொஞ்ச நாளில் பள்ளி காலியாயிற்று, அதனால் உன்மேல் இருந்த கோபத்தில்தான் மூடினார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொண்டாய். அவர் முகம் இறுகியது பயத்தில், சேகர். காகிதத்தில் படித்தபோது வராத பயம், தலையில் மண் விழுந்ததும் வந்தது.

அங்கிருந்து நேரே எங்களிடம் வந்தார். பிள்ளைகள் நிறைந்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "டீச்சர், வெள்ளிக்கிழமை லீவுன்னு வாசல்ல ஒரு போர்டாவது எழுதிப் போடக்கூடாதா?" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிறகு தாளாளர் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தற்காலிகமாக இடம் தர முடியுமா என்று கேட்டார். சங்கத்தில் சிலர், "முனிசிபாலிட்டி கால வெச்சா அப்புறம் எடுக்காது" என்று தடுத்தார்கள். பாய் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஓதும் வகுப்பு நடக்கும் தகரக் கொட்டகையைக் கொடுத்தார். என்னிடம், "டீச்சரம்மா, உங்க ஊட்டுக்காரரு நம்மள எப்பவும் திட்டிக்கினே இருப்பாரே, வருவாரா?" என்று கேட்டுச் சிரித்தார். உங்கப்பா இரண்டு நாள் முரண்டு பிடித்தார், மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு வந்தார். பின்பக்கச் சந்தில் தனி வாசல் வேண்டும், அதில் நகராட்சிப் போர்டு தொங்க வேண்டும். கால் பரீட்சை லீவு முடிந்து நீங்கள் எல்லாரும் அங்கே வந்தீர்கள். பொதுப் பள்ளி மதப் பள்ளிக்குக் குடித்தனம் வந்துவிட்டது என்று உனக்கு அது அவமானமாகப் பட்டிருக்கிறது. உங்கப்பாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் எவ்வளவு குஷி தெரியுமா? அன்று எங்களுக்கு லீவு. முழு இடமும் அவருடைய ராஜ்ஜியம். எங்கள் கரும்பலகையில்தான் கணக்குப் போடுவார், சனிக்கிழமை நாங்கள் வந்து அழிக்க வேண்டும். அடுத்த ஜூனில் உங்களைப் பெரிய பள்ளியோடு சேர்த்தார்கள். அது அவரே கேட்டு வாங்கியது.

எது பொதுப் பள்ளி என்று நீ என்னைக் கேட்டால், உங்கப்பா மாதிரி ஒரே அடியாகச் சொல்ல எனக்கு வராது. யாருடைய கட்டடம், யார் சம்பளம் தருகிறார்கள் என்று பார்த்து எனக்குத் தீர்ந்ததில்லை. பொதுப் பணம் வாங்குகிற பள்ளி யாரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பக் கூடாது, அந்தத் துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பெண் விஷயத்தில் எங்கள் பள்ளி பொதுப் பள்ளியாக இல்லை, அதை இந்த மலரில் பாயின் மகன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதே சமயம், கூரை விழப் போகிறது என்று தலைமையாசிரியரே கத்தியும் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத இடம் பேருக்குத்தான் பொது. போய்க் கேட்க முடிய வேண்டும், கேட்டால் பதில் வர வேண்டும். இப்போது செங்கம் ரோட்டிலும் வேங்கிக்கால் பக்கமும் புதுசு புதுசாக இங்கிலீஷ் பள்ளிகள் வருகின்றன, கேட்டில் கூர்க்கா நிற்கிறான், அப்பா அம்மாவையே உள்ளே விடுவதில்லை. அதையும் கல்விச் சேவை என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பாப்பாவை நீ எங்கே வேண்டுமானாலும் சேர். சேர்ப்பதற்கு முன்னால் நீயே உள்ளே போய் உட்கார்ந்து பார், மேலே அண்ணாந்தும் பார். உன் மனைவி சொன்னாள் என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே.

இனி நாங்கள் உனக்குச் சொல்லாத ஒன்று. அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை, காலைப் பள்ளி நேரம். எனக்கு லீவு, அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எதிரில் பெரிய சத்தம். வெளியே வந்து பார்த்தால் உங்கள் பழைய பள்ளிக்கூடத்தைக் காணோம். ஓடும் மண்ணும் ஒரே குவியல். நீங்கள் அங்கிருந்து போய்ப் பல வாரம் ஆகிவிட்டது என்பது எனக்கு மறந்தே போயிற்று. சேகர், சேகர் என்று கத்திக்கொண்டு மழையில் ஓடி வெறும் கையால் ஓட்டைத் தள்ள ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து என் கையைப் பிடித்து, "டீச்சர், புள்ளைங்க அங்க பாய் ஸ்கூல்ல கீது, உள்ள யாருமே இல்ல" என்று உலுக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கப்பாவும் செய்தி கேட்டு ஓடி வந்துவிட்டார். இருவரும் நனைந்துகொண்டே நின்று பார்த்தோம். பெரிய உத்திரம் கிழக்கு மூலையில் முழுசாக இறங்கியிருந்தது. மழை நாளில் உன் மூன்றாம் வகுப்பை உட்கார வைக்கிற மூலை அது. ஒழுகாத இடம் அது ஒன்றுதான் என்று அவரே பார்த்துப் பார்த்து வைத்த இடம்.

அவர் திரும்பிப் போய், தகரக் கொட்டகை வாசலில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நீ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாயாம். காலி வீடு, ஆளில்லாததால் விழுந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நீயும் அதையே நம்பினாய். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அந்த மூலையைப் பற்றி எங்களுக்குள்ளேயே பேச முடியவில்லை, உன்னிடம் எப்படிச் சொல்வது? அது தப்பு. சொல்லியிருந்தால் நீ இத்தனை வருஷம் வேறு மாதிரி நினைத்திருப்பாய்.

இதுவரை எழுதியதை உங்கப்பாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் பள்ளியைப் பற்றிச் சொன்ன இடத்தில், "அது பொதுப் பள்ளி இல்ல, நான் ஒத்துக்க மாட்டேன், அதையும் எழுது" என்றார். எழுதியாயிற்று. மல்லாட்டை பொறுக்கிய கதையை எடுத்துவிடச் சொன்னார், மாட்டேன் என்றேன். மழை நாளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கடைசியில் அவனுக்கு நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அன்னிக்கி அவன் வாயத் தொறந்து நெசத்தச் சொன்னதாலதான் அந்த ஆளு வந்து அந்தக் கூரைய அண்ணாந்து பாத்தான். அவன் சொல்லாம இருந்திருந்தா, அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் மூணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு நான் வாத்தியாரா இருந்திருக்க மாட்டேன், அவனுக்கு அப்பனாவும் இருந்திருக்க மாட்டேன்னு எழுது" என்றார்.

அம்மா